81 வருடம் காத்திருந்த ஊர்: ஒரு மட்டைப் பந்தாட்டத்தின் வரலாறு



"சார், ரொம்ப நாளாச்சு, ஒரு வரலாற்றுப் பாடம் எடுங்க" என்று பழைய பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு எடுக்கிறேன். ஆனால் இது நம் பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம். நம் ஊரில் யாரும் ஆடாத ஒரு விளையாட்டின் கதை. பதிவு நீளம்தான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பாதியில் எழுந்து ஓடிவிடாதீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

என் மகள் அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவள் இருப்பது கிளேர் என்ற மாவட்டத்தின் தலைநகரான என்னிஸ் என்னும் ஊரில். 2024 கோடையில் அவள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். சாயங்காலம் நடக்கப் போனால், தெருவில் ஏழெட்டு வயசுப் பிள்ளைகள் அகப்பை மாதிரி நுனி அகன்ற ஒரு மட்டையால் சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். கடைக்குப் போகிற பிள்ளை கையிலும் மட்டை. பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளை கையிலும் மட்டை. என்ன விளையாட்டு என்று மகளிடம் கேட்டேன். "ஹர்லிங் அப்பா. இந்த ஊர்ல அதுதான் எல்லாம்" என்றாள்.

அந்த ஜூலை 21-ஆம் தேதி டப்ளினில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். கிளேரும் கார்க்கும் மோதின. பக்கத்து வீட்டுப் பெரியவர், என் வயசுக்காரர், டிவி பார்க்க எங்களைக் கூப்பிட்டார். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் போய், கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் கிளேர் ஜெயித்தது. 3-29க்கு 1-34. பெரியவர் அழுதுவிட்டார். நான் கைகொடுத்து, "உங்கள் வாழ்நாளிலேயே இதுதான் பெரிய நாளாக இருக்கும்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "இல்லை. அது 1995" என்றார்.

அந்த வருடம் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டும், அங்கிருந்த நூலகத்தில் தேடியும் படித்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை. ஸ்லிட்டர் என்கிற சிறிய தோல் பந்து, எடை 110 முதல் 120 கிராம். பந்தைத் தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டையின் மேல் வைத்துக்கொண்டு ஓடலாம். கோல் கம்பம் ஆங்கில எழுத்து எச் போல இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் 1 புள்ளி. கீழே வலைக்குள் அடித்தால் அது கோல், 3 புள்ளிக்குச் சமம். அதனால் 3-29 என்றால் 3 கோல், 29 புள்ளி, ஆக மொத்தம் 38. கார்க்கின் 1-34 என்பது 37. கணக்குச் சரியா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெருங்கூட்டத்தின் முன்னால் ஆடுகிறவர் திங்கட்கிழமை தன் வேலைக்குப் போவார். அதோடு, பெரும்பாலும் பிறந்து வளர்ந்த மாவட்டத்துக்குத்தான் ஆடுவார். பணம் கொடுத்து வேற்று மாவட்டத்து ஆளை வாங்க வழியில்லை. ஆகவே ஒரு மாவட்டம் தோற்றால் அந்த மண்ணே தோற்றதாக நினைத்துக்கொள்வார்கள்.

இந்த விளையாட்டு மிகப் பழையது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அழியும் நிலைக்கு வந்தது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். கிராமங்கள் காலியான பிறகு விளையாட யார் இருப்பார்கள்? மிச்சமிருந்த வசதியானவர்கள் ஆங்கிலேயர் விளையாட்டுக்குப் போனார்கள். அப்போது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் மைக்கேல் கியூசக். அவர் பஞ்சகாலத்தில், 1847-இல், கிளேர் மாவட்டத்தின் கேரன் என்ற பாறைக்காட்டு ஊரில் பிறந்தவர். தொழில் என்ன தெரியுமா? வாத்தியார்! டப்ளினில் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைக் கூட்டியதில் கியூசக்குக்குப் பெரிய பங்கு. இன்று அந்த நாட்டில் கிளை இல்லாத ஊரே இல்லை என்கிற அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், விளையாட்டை மீட்டவரின் சொந்த மாவட்டத்துக்கு அதில் வெற்றியே கிட்டவில்லை. 1914-இல் கிளேர் முதல்முறையாக அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. லீஷ் மாவட்டத்தை 5-1க்கு 1-0 என்று தோற்கடித்தார்கள். முதல் உலகப்போர் தொடங்கிய வருடம் அது. அதற்குப் பிறகு வறட்சிதான். 1932-இல் மன்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்று இறுதி ஆட்டம் வரை போய் கில்கென்னியிடம் 3 புள்ளியில் தோற்றார்கள். பிறகு மாகாணப் பட்டமே கிடையாது. 1955, 1967, 1972, 1974, 1977, 1978, 1981, 1986 என்று மாகாண இறுதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். 1993-இல் டிப்பரேரியிடம் 18 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. 1994-இல் லிமெரிக்கிடம் 9 புள்ளியில் தோல்வி. அதே காலத்தில் எல்லையை ஒட்டிய டிப்பரேரி 24 அகில அயர்லாந்துப் பட்டங்கள் சேர்த்துவிட்டது. கார்க்கிடம் 27. கிளேரிடம் அந்த 1914 ஒன்றுதான். இப்போது கொடுக்கப்படுகிற லியாம் மெக்கார்த்தி கோப்பை 1914-க்குப் பிறகு வந்தது. அதனால் அந்தக் கோப்பையை கிளேர் அணி அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை.

இப்படித் தோற்றுக்கொண்டே இருந்தால் ஊர் என்ன சொல்லும்? சாபம் என்று சொல்லும். சொன்னார்கள். கிளேர் மாவட்டத்தின் கிழக்கே ஃபீக்கிள் என்ற ஊர்ப்பக்கம் பிடி எர்லி என்று ஒரு பெண்மணி இருந்தார். மூலிகை வைத்தியம் செய்தவர். நீல நிறப் புட்டி ஒன்றைப் பார்த்து நடக்கப் போவதைச் சொல்வார் என்று கதை. 1865-இல் அவர் மேல் சூனியக்காரி என்று வழக்கே போட்டார்கள், சாட்சி இல்லாமல் தள்ளுபடியாயிற்று. அந்த அம்மாள் இட்ட சாபத்தால்தான் கிளேர் ஜெயிப்பதில்லை என்று ஜனங்கள் பேசினார்கள்.

வரலாற்று வாத்தியாராக இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். பிடி எர்லி இறந்தது 1874-இல். விளையாட்டுச் சங்கம் தொடங்கியது 1884-இல். பிறக்காத போட்டிக்கு, பத்து வருடம் முன்பே செத்துப்போன ஒரு வைத்தியக்கார அம்மா எப்படிச் சாபம் கொடுத்திருக்க முடியும்? அதோடு 1914-இல் ஜெயித்தார்களே, அன்றைக்குச் சாபம் லீவா? இரண்டு தேதியை எழுதிப் பார்த்தாலே உடைந்துபோகிற கதை. ஆனால் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தச் சாபம் வசதியாக இருந்தது. தோற்றதற்குக் காரணம் தேட வேண்டாம், நாளைக்கு முயற்சி செய்யவும் வேண்டாம்.

இந்த இடத்தில் இன்னொரு வாத்தியார் வருகிறார். கெர் லாக்னன். பிடி எர்லியின் அதே ஃபீக்கிள் ஊர்க்காரர். ஷானன் என்ற ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1970-களில் கிளேருக்கு ஆடியவர். 1977, 1978 இரண்டு மாகாண இறுதி ஆட்டங்களிலும் கார்க்கிடம் தோற்ற அணியில் இருந்தவர். தோல்வியின் ருசி அவருக்கு நன்றாகத் தெரியும். 1994 தோல்விக்குப் பிறகு அவரைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள்.

அவர் சாபத்தை எடுக்கப் பரிகாரம் ஏதும் செய்யவில்லை. குளிர்காலத்தில் ஓடவிட்டார். மைக் மெக்நமாரா என்பவரை உடற்பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். இருட்டில், மழையில், சேற்றில், குன்றில் ஏறி இறங்கி ஓட வேண்டும். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் வாந்தி எடுக்கும் வரை ஓடினார்கள். உடம்பு தேறிய பிறகு பந்து வேகம். நிஜ ஆட்டத்தைவிட வேகமாகப் பயிற்சியில் ஆட வைத்தார், அப்போதுதான் ஆட்டம் நிதானமாகத் தெரியும் என்று. நல்ல வாத்தியார் பரீட்சையைவிடக் கடினமான கேள்வித்தாளை வகுப்பில் கொடுப்பாரே, அந்த முறைதான்.

ஆனாலும் 1995 மே மாதம் லீக் இறுதி ஆட்டத்தில் கில்கென்னியிடம் தோற்றார்கள். 2-12க்கு 0-9. மறுபடியும் 9 புள்ளி வித்தியாசம். "பார்த்தியா, நான் சொன்னேனே" என்று ஊர் சொன்னது. லாக்னன் மட்டும் இந்த வருடம் மன்ஸ்டர் பட்டம் நமக்குத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றைய விதிப்படி ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருடமே முடிந்தது. இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஜூன் 4, லிமெரிக் நகரில் கார்க்குடன் முதல் சோதனை. ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கையில் கிளேரின் நடுத் தடுப்பாளர் ஷானி மக்மஹானுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரர்கள் மூவரையும் ஏற்கெனவே இறக்கியாயிற்று. அவர் வெளியே போனால் அணி ஒரு ஆள் குறைவு. அவர் போகவில்லை. முன்வரிசை மூலையில் போய் நின்றுகொண்டார். ஒரு கை உதவாது. ஆனாலும் எதிராளியைத் துரத்தி நெருக்கினார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது, அடிக்கும் உரிமை கிளேருக்கு. ஃபெர்கி டூஹி கோட்டிலிருந்து வெட்டி அடித்தார், ஆலி பேக்கர் அதை வலைக்குள் தட்டினார். 2-13க்கு 3-9. ஒரு புள்ளியில் வெற்றி. எலும்பு முறிந்த மனிதர் "என்னால் இனி என்ன செய்ய முடியும்" என்று உட்கார்ந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஜூலை 9, தர்லஸ். மாகாண இறுதி ஆட்டம், எதிரே லிமெரிக். முந்தைய வருடம் 9 புள்ளியில் இவர்களைத் தோற்கடித்த அதே அணி. கிளேருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் யார்? கோல்கீப்பர் டேவி ஃபிட்ஜெரால்டு! மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி வந்து, கோல் அடித்துவிட்டு, தன் கோலைக் காக்க மூச்சிரைக்கத் திரும்பி ஓடினார். ஹர்லிங் மைதானம் 130 மீட்டருக்கு மேல் நீளம். முடிவு 1-17க்கு 0-11. கழித்துப் பாருங்கள், அதே 9 புள்ளி, இந்தமுறை கிளேர் பக்கம். 63 வருடத்துக்குப் பிறகு மாகாணப் பட்டம். ஆகஸ்டில் அரையிறுதியில் கால்வேயை 3-12க்கு 1-13 என்று வென்றார்கள்.

செப்டம்பர் 3, டப்ளின் குரோக் பார்க். 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எதிரணி ஆஃபலி, முந்தைய வருடத்துச் சாம்பியன். 1994 இறுதி ஆட்டத்தில் தோற்கும் நிலையில் இருந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் அடித்து நொறுக்கி லிமெரிக்கிடமிருந்து கோப்பையைப் பறித்தவர்கள். அவர்கள் முன்னால் எந்த முன்னிலையும் பத்திரம் இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன் ஆஃபலியின் மைக்கேல் டுய்க்னன் ஒரு கோல் அடித்தார். 1-6க்கு 0-7, கிளேர் இரண்டு புள்ளி பின்னால். வீரர்கள் உள்ளே போகிற நேரத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் லாக்னனிடம் மைக்கை நீட்டினார்கள். பின்தங்கி இருக்கிற அணியின் பயிற்சியாளர் என்ன சொல்வார்? பார்க்கலாம், முயற்சி செய்வோம் என்பார். அவர் கேமராவைப் பார்த்து, நாங்கள் இதைச் செய்துமுடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைச் சொல்லும்போது, "அந்த ஒரு நொடிதான். அதுவரை எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தரும் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை" என்றார்.

இரண்டாம் பாதியில் ஆஃபலி இன்னொரு கோலும் போட்டது. முடிய ஒருசில நிமிடங்கள் இருக்கையில் கிளேர் இரண்டு புள்ளி பின்னால். தலைவர் ஆண்டனி டேலி தொலைவிலிருந்து ஒரு ஃப்ரீ அடித்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது. அங்கே நின்றவர் ஈமன் டாஃப், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர். விழுந்த பந்தை ஒரே வீச்சில் வலைக்குள் அடித்தார். அடித்த சற்று நேரத்தில் அவரையே வெளியே எடுத்துவிட்டார்கள்! உள்ளே இருந்த நேரம் கொஞ்சம், செய்த வேலை 81 வருட வேலை. உடனே ஆஃபலி ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தது. பிறகு 65 மீட்டரிலிருந்து டேலி ஒன்று மேலே தூக்கினார். ஜேம்சி ஓகானர் ஒரு ஃப்ரீயை அடித்து இன்னொன்று சேர்த்தார். விசில். கிளேர் 1-13, ஆஃபலி 2-8. பதினாறுக்குப் பதினான்கு.

கோப்பையை வாங்கிய டேலி மேடையில் பேசியது அந்த மாவட்டத்தில் இன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். 81 வருடமாக கிளேரில் ஒருவரைக் காணவில்லை, இன்று அவர் உயிரோடு கிடைத்துவிட்டார், அவர் பெயர் தன்மானம் என்ற பொருளில் பேசினார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் அப்பா பிறந்தது 1919-இல், காலமானது 1990-இல். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வருடமும் ஆட்டத்துக்குப் போனவர். பிறப்பு இறப்பு இரண்டுமே அந்த வறட்சிக்குள் அடங்கிவிட்டது. "மறுநாள் காலையில் கல்லறைக்குப் போய் ஸ்கோரைச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு முன்னாலேயே அங்கே நிறையப் பேர் நின்றிருந்தார்கள்" என்றார். அவர் 2024-இல் அழுததற்கும் 1995-க்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அப்போது விளங்கியது.

கதை அத்தோடு முடியவில்லை. 1997-இல் லாக்னனே இன்னொரு முறை ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த பட்டம் 2013-இல். அப்போது பயிற்சியாளர் யார்? பெனால்டி அடித்துவிட்டு ஓடினாரே, அந்த கோல்கீப்பர் டேவி ஃபிட்ஜெரால்டு. அதே 2013-இல் டப்ளின் அணி 1961-க்குப் பிறகு முதல்முறையாக லென்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றது. அதன் பயிற்சியாளர் ஆண்டனி டேலி. 2024-இல் நான் கண்ணால் பார்த்த வெற்றியின் பயிற்சியாளர் பிரையன் லோஹன், 1995 அணியில் சிவப்பு ஹெல்மெட்டோடு கோலுக்கு முன்னால் நின்ற தடுப்பாளர். ஒரு வாத்தியார் ஒரு வகுப்புக்கு "உன்னால் முடியும்" என்று சொன்னார். அந்த வகுப்புப் பிள்ளைகள் அடுத்த 30 வருடம் அதைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

இனி என் சொந்தக் காரணம்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், அங்கே நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே, பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தேறினால் பெரிது. "இந்த மண்ணு ராசி அப்படி" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். சாபக் கதையை இன்றைக்குத் தேதி போட்டு உடைக்கிற நான், அன்றைக்கு என் பள்ளியின் சாபத்தை நம்பினேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

1995-ஆம் வருடம்தான். இரண்டு முறை தவறிய ஒரு பையன், மூன்றாம் முறை எழுத வேண்டும், சந்தேகம் கேட்கலாமா என்று வகுப்பு வாசலில் வந்து நின்றான். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "உங்க வீட்ல யாருமே பத்தாவது தாண்டினதில்லையேடா, உனக்கு மட்டும் எங்கேருந்து வரும்?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. போய்விட்டான்.

அவன் மூன்றாம் முறையும் எழுதித் தேறினான் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். எங்கிருந்தோ என் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினான். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம், ஆசீர்வாதம் வேண்டுமாம். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. கடைசியில் மட்டும், "சார், நீங்க அன்னிக்குச் சொன்னது மனசுல இருந்துச்சு சார், அதான் விடாம எழுதினேன்" என்றான். நன்றியாகத்தான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் தேறியது அவன் பிடிவாதத்தால். என் சொல் கேட்டு வாசலோடு திரும்பிப் போய், பிறகு எழுதாமலே விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ. அவர்கள் யாரும் எனக்கு போன் செய்யப்போவதில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். போனில் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பு முன்னால் சொன்ன தவறுக்கு வகுப்பு முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் பலர். எல்லோரும் தாய் தகப்பன்மார். வீட்டிலோ வகுப்பிலோ "நம்ம குடும்பத்துக்கே இது வராது", "இந்த செட்டே சரியில்லை" என்று வாயில் வரும்போது, பிடி எர்லி இறந்த வருடத்தையும் சங்கம் தொடங்கிய வருடத்தையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். 1874, 1884. மதிப்பெண் இல்லை, இருந்தாலும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். பாப்பாவின் கல்லூரிப் படிப்புக்கு என் ஆசீர்வாதம் உண்டு.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்